இரண்டு வயதுக் குழந்தைக்கு எந்தக் கிரையான்?

"டாக்டர், பாப்பா கிரையானைத் தின்றுவிட்டாள், விஷமா?" என்று பதறி ஓடிவரும் பெற்றோரைப் பார்க்காத குழந்தைகள் நல மருத்துவர் இருக்க முடியாது. பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. சாதாரண கிரையான் என்பது பாரஃபின் மெழுகும் நிறமியும்தான். மெழுகு செரிக்காது, மலத்தோடு போய்விடும். மலத்தில் நீல நிறத்தைப் பார்த்துவிட்டு மறுநாளும் சிலர் வருவார்கள், அது வேறு கதை.

என் கவலை எல்லாம் ஒடிந்த துண்டைப் பற்றியது. மூன்று வயதுக்குட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்க ஆய்வகத்தில் ஓர் உருளை வைத்திருப்பார்கள். அதன் வாய் அகலம் 31.7 மி.மீ.; நம் பத்து ரூபாய் நாணயத்தைவிட (27 மி.மீ.) கொஞ்சம்தான் பெரியது. அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கலாம் என்பது கணக்கு. ஒன்றரை, இரண்டு வயதில் குழந்தை கிரையானைக் கைப்பிடிக்குள் இறுக்கி, தோளிலிருந்து கையை வீசிக் கிறுக்கும். மெல்லிய குச்சி அந்த வேகத்தைத் தாங்காது. ஒடிந்த நுனி நேரே வாய்க்குத்தான் போகும். ஆகவே பருமனான கிரையான் அல்லது உள்ளங்கையில் அடங்கும் முட்டை வடிவக் கிரையான் வாங்குங்கள். நான்கு நிறம் போதும். மாமா ஆசையாக வாங்கி வந்த 24 நிறப் பெட்டி அலமாரியின் மேல்தட்டில் காத்திருக்கட்டும். நான்கு வயதுக்கு மேல் விரல்பிடி பழக, ஒடிந்த சிறு துண்டையே வேண்டுமென்று கொடுப்பதுண்டு. அந்த யோசனையை இரண்டு வயதில் பின்பற்ற வேண்டாம்.

பெட்டியில் 'நச்சற்றது' என்று போட்டிருந்தால் அது தொண்டை அடைப்பைத் தடுக்காது. 'ஏஎஸ்டிஎம் டி-4236' என்ற குறியையும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நச்சு இருக்கிறதா என்று ஆராய்ந்து, இருந்தால் எச்சரிக்கை அச்சிடப்பட்டுள்ளது என்பதே அதன் பொருள். ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் கிரையானிலிருந்து எவ்வளவு வெளியேறுகின்றன என்று பார்ப்பது 'இஎன் 71-3' சோதனை. அந்தக் குறியைத் தேடுங்கள். தயாரிப்பாளர் பெயரே இல்லாத திருவிழாக் கடைச் சரக்கு வேண்டாம். 1994-இல் அமெரிக்காவில் இறக்குமதிக் கிரையான்கள் சிலவற்றில் ஈயம் இருந்ததால் திரும்பப் பெற்றார்கள். பழ வாசனை கிரையானும் என் வாக்கைப் பெறாது: தின்னாதே என்று சொல்லிவிட்டு ஸ்ட்ராபெரி மணத்தோடு நீட்டுவது என்ன நியாயம்?

ஸ்கெட்ச் பேனாவின் மூடியில், அது தொண்டையில் சிக்கினாலும் மூச்சு போகும்படி, காற்றுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். பாசிமணி, தெர்மாகோல் உருண்டை இரண்டும் இந்த வயதுக்கு ஆகாது. தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் ஜெல் உருண்டை வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. விழுங்கினால் குடலுக்குள் வீங்கி அடைத்துவிடும். பாட்டியோடு கோலம் போட ஆசைப்பட்டால் அரிசி மாவு கொடுங்கள், கலர் பொடி வேண்டாம்.

துண்டு சிக்கிவிட்டால், இருமும் குழந்தையை இரும விடுங்கள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும். இரும முடியவில்லை, குரல் வரவில்லை என்றால் குழந்தையை முன்பக்கம் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுங்கள். அதற்குள் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.