வான்கோழிச் சத்தம் கேட்டால் எழுந்து போகாதீர்கள்

பென்சில்வேனியாவில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன். வசந்தகால வான்கோழி சீசன் நெருங்கினால், எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா என்றுதான் புதியவர்கள் கேட்பார்கள். எங்கே உட்காருவது என்று கேட்பவர் குறைவு. நான் அதிலிருந்துதான் தொடங்குவேன்.

இந்த வேட்டையின் ஆபத்து அதன் முறையிலேயே இருக்கிறது. உடம்பெல்லாம் கேமஃப்ளாஜ், அதாவது காட்டோடு கலந்துபோகும் நிறத்தில் உடை, முகத்திலும் வலை. அப்படி ஒளிந்துகொண்டு, பெட்டைக் கோழிபோலக் குரல் கொடுத்துச் சேவலை வரவழைக்கிறோம். அந்தக் குரல் இன்னொரு வேட்டைக்காரரின் காதிலும் விழும். அவர் கோழியென்று நம்பிப் பதுங்கி வந்தால் என்ன ஆகும்? அதனால்தான் இங்கே வசந்த சீசனில் அழைத்து வரவழைத்துத்தான் சுடலாம். பதுங்கிப்போய்ச் சுடுவது சட்டவிரோதம். பதுங்கிப் போனாலும் பலனிருக்காது. வான்கோழிக்கு அபாரமான பார்வை, நம் சின்ன அசைவுகூடப் போதும், ஓடிவிடும்.

சரி, எங்கே உட்காருவது? உங்கள் தோளைவிட அகலமான, தலைக்கு மேல் நன்றாக உயர்ந்த மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். பின்னாலிருந்து தவறிச் சுட்டாலும் மரம் தாங்கும். உங்கள் உருவமும் மரத்தோடு கலந்துவிடும். உட்கார்ந்ததும் 40 கெஜத்தில் ஒரு மரத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். சேவல் அதைத் தாண்டி உள்ளே வராமல் சுட வேண்டாம். குறி தலையும் கழுத்தும். இங்கே வசந்தத்தில் தாடியுள்ள பறவையைத்தான் சுடலாம். நெஞ்சில் தொங்கும் அந்தக் கற்றை கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்து, பறவைக்குப் பின்னால் யாருமில்லை என்று உறுதியான பிறகுதான் விரல் விசைக்குப் போக வேண்டும்.

சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். சேவலின் தலை அந்த நிறங்களில்தான் இருக்கும். காலை நீட்டி உட்காரும்போது பேன்ட் மேலேறி வெள்ளை சாக்ஸ் தெரிகிறதா, அதையும் பாருங்கள்.

யாராவது நெருங்கி வந்தால் கையசைக்காதீர்கள், கோழிக்குரலும் கொடுக்காதீர்கள். அசையாமல், "இங்க ஆள் இருக்கேன், நில்லுங்க!" என்று உரக்கக் கத்துங்கள். அன்றைய வேட்டை கெட்டால் கெடட்டும்.

பதில் கூவிக்கொண்டிருந்த சேவல் சட்டென்று அடங்கினால் பலர் எழுந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அப்போதுதான் அது சத்தமில்லாமல் நெருங்கிக்கொண்டிருக்கும். இன்னும் அரை மணி நேரம் இருங்கள்.

அப்புறம், அடித்த பறவையை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். ஆரஞ்சுத் துணியில் முழுதாகச் சுற்றித்தான் வண்டிவரை கொண்டுபோக வேண்டும். சேவலை ஏமாற்றி வரவழைக்க வைக்கும் டெக்காய் பொம்மைக்கும் அதேதான்.