கான்ஃபெடரேஷன்: கூட்டாட்சியா, கூட்டமைப்பா?

அமெரிக்க வரலாற்றைத் தமிழில் எழுதுவோரைத் தடுமாற வைக்கும் சொல் இது. 1776-இல் விடுதலையை அறிவித்த 13 குடியேற்றங்கள் முதலில் அமைத்துக்கொண்டது கான்ஃபெடரேஷன். 1787-இல் எழுதி 1789-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பு கொண்டுவந்தது ஃபெடரேஷன். இரண்டையும் ‘கூட்டாட்சி’ என்றே எழுதிவிட்டால், எதை விட்டு எதற்குப் போனார்கள் என்பதே வாசகருக்குப் பிடிபடாது.

லத்தீனில் ‘ஃபோய்டுஸ்’ என்றால் உடன்படிக்கை. ‘கான்’ என்ற முன்னொட்டுக்குச் ‘சேர்ந்து’ என்று பொருள். ஃபெடரேஷனுக்கும் அதே ‘ஃபோய்டுஸ்’தான் வேர். 1780-களில் அமெரிக்கர்களே இரண்டு சொற்களையும் கலந்துதான் புழங்கினார்கள். இன்று நாம் காணும் பிரிவு பிற்கால வழக்கில் உறுதிப்பட்டது: உறுப்பு அரசுகள் இறைமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு சேர்ந்திருந்தால் கான்ஃபெடரேஷன், மக்களை நேரடியாக ஆளும் மைய அரசும் இருந்தால் ஃபெடரேஷன்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை அந்தப் புதிய நாடு பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1781 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை தன்னை ‘உறுதியான நட்புக் கூட்டு’ என்றே சொல்லிக்கொண்டது. 13 அரசுகளின் பிரதிநிதிகள் கூடும் காங்கிரஸ் என்ற அவையில், பெரியதோ சிறியதோ, ஓர் அரசுக்கு ஒரு வாக்கு. போர், ஒப்பந்தம், கடன் போன்ற பெரிய முடிவுகளுக்கு 9 அரசுகள் சம்மதிக்க வேண்டும். உடன்படிக்கையைத் திருத்த 13-ம் சம்மதிக்க வேண்டும். காங்கிரஸுக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது, பணம் தாருங்கள் என்று அரசுகளைக் கேட்கத்தான் முடியும். இறக்குமதிக்கு 5 விழுக்காடு தீர்வை விதிக்கலாம் என்ற திட்டத்தை 1782-இல் ரோட் ஐலண்ட் என்ற மிகச் சிறிய அரசு ஒன்றே முடக்கிவிட்டது.

1783 ஜூனில் சம்பள பாக்கி கேட்டுப் படைவீரர்கள் ஃபிலடெல்ஃபியாவில் காங்கிரஸ் கூடிய கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். பென்சில்வேனியா அரசு காவலுக்குத் தன் படையை அழைக்க மறுத்தது. காங்கிரஸ் ஊரை விட்டே வெளியேறிப் பிரின்ஸ்டனுக்குப் போனது. விடுதலைக்காகப் போரிட்டவர்களுக்குக் கூலி கொடுக்க முடியாத நிலையை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. அப்புறம் 1786-இல் மாசசூசெட்ஸின் மேற்குப் பகுதியில் கடனிலும் வரியிலும் நொறுங்கிய விவசாயிகள் நீதிமன்றங்களை மறித்தார்கள். அவர்களை வழிநடத்திய டேனியல் ஷேஸும் போரிலிருந்து திரும்பியவர்தான். கிளர்ச்சியை அடக்கக் காங்கிரஸால் படை அனுப்ப முடியவில்லை. பாஸ்டன் வணிகர்கள் பணம் போட்டுத்தான் படை திரட்டினார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? விடை நம் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. ‘கூட்டாட்சி’யில் ஆட்சி இருக்கிறது; ‘கூட்டமைப்பு’ என்பதில் அமைப்பு மட்டும்தான். 1781 முதல் 1789 வரை இருந்ததும் அதுதான்: அமைப்பு இருந்தது, ஆட்சி இல்லை. எனவே ஃபெடரேஷனுக்குக் கூட்டாட்சி, கான்ஃபெடரேஷனுக்குக் கூட்டமைப்பு என்று பிரித்துக்கொள்வதே சரி. இலங்கைத் தமிழில் கூட்டாட்சியைச் ‘சமஷ்டி’ என்றும் சொல்வார்கள். அதைக் கான்ஃபெடரேஷனுக்குப் போடக் கூடாது. தொழிற்சங்கங்களும் வணிகர்களும்கூடக் ‘கூட்டமைப்பு’ வைத்திருப்பதால், மயக்கம் வருமிடத்தில் ‘அரசுகளின் கூட்டமைப்பு’ என்று விரித்து எழுதலாம். 1781-இல் நடைமுறைக்கு வந்த அந்த ஆவணத்தைக் ‘கூட்டமைப்பு உடன்படிக்கை’ என்பேன். ‘சட்டம்’ என்று எழுதுவது பொருந்தாது, ஏனென்றால் மேலிருந்து விதிக்க அங்கே யாரும் இல்லை. அந்த 13-ஐயும் 1789-க்கு முன் ‘மாநிலம்’ என்பதையும் தவிர்க்கலாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்குத் தில்லியும் சென்னையும் நினைவுக்கு வரும். அந்த 13-மோ தம்மைத் தனி அரசுகளாகவே எண்ணியவை.

பெயரை மட்டும் நம்பியும் விடக் கூடாது. சுவிட்சர்லாந்தின் லத்தீன் பெயரில் இன்றும் கூட்டமைப்பு என்ற சொல்தான் இருக்கிறது. ஆனால் 1848 அரசமைப்பிலிருந்து அது கூட்டாட்சி. அதன் பெயரை மொழிபெயர்க்கும்போது கூட்டமைப்பு, ஆட்சி முறையை விளக்கும்போது கூட்டாட்சி என்று எழுத வேண்டும்.