வண்டி இன்சூரன்ஸ் கிளைமை மறுத்தால் கோர்ட் எதைப் பார்க்கும்?

"பாலிசி நிபந்தனை மீறப்பட்டதால் தங்கள் கிளைம் நிராகரிக்கப்படுகிறது" என்று ஒரு கடிதம் வந்தால் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. நிபந்தனை மீறப்பட்டது என்று நிறுவனம் எழுதினால் மட்டும் போதாது, அதை நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். அந்த மீறலுக்கும் நடந்த இழப்புக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வியும் வரும்.

அதிகம் சண்டை வருவது திருட்டில். வண்டி காணாமல் போனால் "உடனடியாக" நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று பாலிசியில் இருக்கும். உரிமையாளரோ முதலில் போலீஸுக்கு ஓடுவார், அப்புறம் தேடுவார், இன்சூரன்ஸ் ஞாபகம் கடைசியில்தான் வரும். குர்ஷிந்தர் சிங் வழக்கில் அதுதான் நடந்தது. டிராக்டர் திருடுபோனதும் எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள், நிறுவனத்துக்குச் சொல்ல ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2020 ஜனவரியில் சொன்னது: போலீஸில் உடனே புகார் தந்து, திருட்டு உண்மை என்றும் தெரிந்த பிறகு, நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னார் என்பதற்காக மட்டும் கிளைமை மறுக்க முடியாது. ஆனால் எஃப்.ஐ.ஆரே தாமதம் என்றால் இந்தத் தீர்ப்பு கைகொடுக்கும் என்று நம்ப வேண்டாம்.

சொந்த உபயோகத்துக்கு என்று இன்சூரன்ஸ் எடுத்த வண்டியை வாடகைக்கு விட்டதும் ஒரு மீறல்தான். அப்படி ஓடிய வண்டி திருடுபோன நிதின் கண்டேல்வால் வழக்கில் (2008), திருட்டுக்கும் அந்த மீறலுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி, 75 சதவீதம் தரச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மொத்தமாகக் கைவிரிக்காமல் குறைத்துத் தரும் இந்த முறைக்கு 'நான்-ஸ்டாண்டர்டு' என்று பெயர். கிளைம் மறுக்கப்பட்டவர்கள் மாற்றுக் கோரிக்கையாக இதையும் மனுவில் எழுதுவது நல்லது.

லைசென்ஸ் தகராறில் ஒரு பெரிய குழப்பம் தீர்ந்துவிட்டது. எல்.எம்.வி. (இலகுரக மோட்டார் வாகன) லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு, பயணிகள் வாகனங்களையும் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. டாட்டா ஏஸ் மாதிரி குட்டி வண்டிக்காரர்களுக்கு இது பெரிய நிம்மதி. டிரைவரின் லைசென்ஸ் போலி என்று பின்னால் தெரிந்தால்? உரிமையாளர் தெரிந்தே வண்டியைக் கொடுத்தார், அல்லது போதிய கவனம் எடுக்கவில்லை என்று நிறுவனம் காட்ட வேண்டும் என்றது 2004-இன் ஸ்வரண் சிங் தீர்ப்பு. அது விபத்தில் அடிபட்ட மூன்றாம் தரப்புக்கான இழப்பீட்டு வழக்கு என்பதால், சொந்த வண்டிச் சேதத்துக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

எல்லா வழக்கும் பாலிசிதாரர் பக்கம் போவதில்லை. தற்காலிகப் பதிவு முடிந்த புது வண்டி திருடுபோன வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம்தான் நின்றது. பதிவில்லாத வண்டியைச் சாலையில் எடுத்ததே அடிப்படை மீறல் என்றது. குடித்துவிட்டு ஓட்டிய வழக்கிலும் அதே ஆண்டு நிறுவனம் ஜெயித்தது. ரத்தப் பரிசோதனை இல்லாவிட்டாலும் மற்ற சாட்சியங்களால் போதையை நிரூபிக்கலாம் என்று வந்த தீர்ப்பு அது.

சரி, எங்கே போவது? முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் தனிநபர் பாலிசிக்காரர்கள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் மனு போக வேண்டும். அவர் தரும் உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

இன்னொரு வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். கெடு இரண்டு ஆண்டு. வழக்கு எந்த நிலை ஆணையத்துக்குப் போக வேண்டும் என்ற பண வரம்பு கட்டிய பிரீமியத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது, கேட்கும் தொகையை வைத்து அல்ல. அதனால் கார், பைக் வழக்குகள் மாவட்ட அளவிலேயே ஆரம்பிக்கும். இரண்டு இடத்திலும் ஒரே சமயத்தில் வழக்கு நடத்த முடியாது. எங்கே போனாலும் நிராகரிப்புக் கடிதம், சர்வேயர் (இழப்பை மதிப்பிடுபவர்) அறிக்கையின் நகல், நிபந்தனைகளோடு கூடிய முழு பாலிசி மூன்றும் கையில் இருக்கட்டும். பலரிடம் முதல் பக்கம் மட்டும்தான் இருக்கும். மிச்சத்தை நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு, கேட்டதற்கான ஆதாரத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.