"நீ சாப்டியாப்பா?"ன்னு கேட்டதும் ஏன் கண்ணு கலங்குது

உடம்பு சரியில்லாத குழந்தைய வச்சு எடுத்த சீரியலோ வெப் சீரிஸோ பாக்குறப்ப ஒண்ணே ஒண்ண கவனிங்க, கரெக்டா எந்த இடத்துல கண்ணு கலங்குதுன்னு. டாக்டர் ரிப்போர்ட்ட கையில வச்சுக்கிட்டு கேன்சர்னு சொல்றப்ப பெரும்பாலும் வராது. ஊசி குத்துறப்ப, புள்ள வலியில கத்துறப்ப நெஞ்சு இறுகும், பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்போம், ஆனா கண்ணு காஞ்சுதான் இருக்கும். அப்புறம் ராத்திரி வார்டு, அப்பா பக்கத்துல ஸ்டூல்ல தலையக் குனிஞ்சு உக்காந்திருப்பாரு, அந்தப் புள்ள மெதுவா திரும்பிப் பாத்து "நீ சாப்டியாப்பா?"ன்னு கேக்கும். அவ்ளோதான், முடிஞ்சுது. அதுவரைக்கும் பேப்பர் படிக்கிற மாதிரி நடிச்சுக்கிட்டிருந்த மாமாகூட மூக்க உறிஞ்சுவாரு.

வலியக் காட்டுறப்ப வராத அழுகை பாசத்தக் காட்டுறப்ப ஏன் வருது? இதுக்குள்ள நெறைய விஷயம் இருக்கு, முதல்ல அந்தத் தண்ணி எங்கருந்து வருதுன்னு பாத்துட்டு வந்துடலாம்.

கண்ணீர்னு ஒரே பேர்ல சொன்னாலும் அதுல மூணு ரகம் இருக்கு. கண்ணு காயாம இருக்க எந்நேரமும் கசிஞ்சுக்கிட்டே இருக்கறது ஒண்ணு. வெங்காயம், புகை, தூசிக்கு வர்றது இன்னொண்ணு. மனசு கலங்குனா வர்றது மூணாவது. கண்ணோட வெளி ஓரத்துல, இமைக்கு மேல எலும்புக்குள்ள பதுங்குன மாதிரி ஒரு சுரப்பி இருக்கு, மனசு கலங்குறப்ப மூளைத்தண்டுலருந்து ஏழாவது நரம்போட ஒரு கிளை வழியா அதுக்கு ஆர்டர் போகுது. அதே நரம்புதான் முகத்தசையையும் ஆட்டுது. சாதாரணமா சுரக்குற தண்ணி கண்ணோட உள் ஓரத்துல இருக்கற ரெண்டு குட்டி ஓட்டை வழியா மூக்குக்குள்ள இறங்கிடும், கண்ணாடியில கீழ் இமைய லேசா இழுத்துப் பாத்தா அந்த ஓட்டை தெரியும். ஒரு கண்ணு தாங்குறது கிட்டத்தட்ட 30 மைக்ரோலிட்டர்தான், சொட்டு மருந்து ஒரு துளி விட்டாலே பாதி கன்னத்துல வழியுதே, அதுக்குக் காரணம் இதுதான். அழுகைன்னு வந்துட்டா, மழைக்கு தெருச் சாக்கடை நிரம்பி ரோட்டுக்கு வர்ற மாதிரி, அந்த ஓட்டை வேகத்துக்கு ஈடு குடுக்க முடியாம வெளிய வழியுது, உள்ள போனது மூக்கு வழியா வருது. அழறப்ப சளி புடிச்சாப்ல மூக்கு ஒழுகுறதுல கண்ணீரும் கலந்திருக்கு.

ஜப்பான்ல 2005ல ஃபூஜி டிவியில 'ஒரு லிட்டர் கண்ணீர்'னு ஒரு டிராமா வந்துச்சு. 15 வயசுப் பொண்ணு, சிறுமூளையும் தண்டுவடமும் கொஞ்சம் கொஞ்சமா தேயுற நோய், முதல்ல நடை தடுமாறும், அப்புறம் எழுத்து, அப்புறம் பேச்சு, ஆனா யோசிக்கிற மூளை மட்டும் தெளிவா இருக்கும், அதான் கொடுமை. கீதோ அயாங்கற நிஜப் பொண்ணோட டைரிய வச்சு எடுத்தது, அவங்க 1988ல 25 வயசுல இறந்துட்டாங்க. அந்தத் தலைப்ப பாத்ததும் எனக்கு கணக்குப் போட்டுப் பாக்கணும்னு தோணுச்சு. சும்மா இருக்கறப்ப ஒரு கண்ணு நிமிஷத்துக்கு ஒண்ணு ரெண்டு மைக்ரோலிட்டர் சுரக்குது, ரெண்டு கண்ணும் சேத்து ஒரு நாளைக்கு மூணுலருந்து ஆறு மில்லி வரும், அப்ப அழாமலே ஒரு லிட்டர் சேர அரை வருஷத்துலருந்து ஒரு வருஷம் ஆகும். டிராமா பாத்தவங்க அத வேகமா முடிச்சிருப்பாங்க போல.

தொண்டை அடைக்குதே, அது வேற கதை. மனசு பதறுனா உடம்பு ஓடவோ சண்டை போடவோ ரெடியாகும், அதுக்கு மூச்சு நெறைய வேணும், அதனால குரல்வளை வாயைத் திறந்தே வச்சிருக்கும். நாமளோ எச்சில முழுங்கி அழுகைய அடக்கப் பாக்குறோம், முழுங்கணும்னா அது மூடணும். ஒரு பக்கம் திற, ஒரு பக்கம் மூடு, அந்த இழுபறிதான் தொண்டையில கல்லு நிக்கிற மாதிரி தெரியுது. உள்ள ஒண்ணும் அடைக்கல.

சரி, ஏன் குழந்தை? பெரியவங்களுக்கு இதே நோய் வந்தாலும் அழுவோம்தான், ஆனா இவ்ளோ சீக்கிரம் இல்ல. 1943லயே விலங்குங்க நடத்தைய ஆராய்ஞ்ச கோன்ராட் லோரன்ஸ் ஒண்ணு எழுதுனாரு, பெரிய தலை, அகலமான நெத்தி, பெரிய கண்ணு, உப்புன கன்னம், இந்த அமைப்பப் பாத்தா வளந்த ஆளுக்கு தானாவே காப்பாத்தணும்னு தோணும்னு. 2008ல ஆக்ஸ்ஃபோர்டுல மார்டன் கிரிங்கெல்பாக் குழு அதை மூளைக்குள்ளயே பாத்தாங்க, முன்பின் தெரியாத கைக்குழந்தை முகத்தக் காட்டுனதும் கண்ணுக்குப் பின்னாடி இருக்கற மூளைப்பகுதி ஒரு செகண்ட்ல ஏழுல ஒரு பங்குக்குள்ள எழும்பிடுது, பெரியவங்க முகத்துக்கு அது நடக்கல. அந்த நேரத்துல "இது நடிப்பு"ங்கற யோசனையே இன்னும் ஆரம்பிச்சிருக்காது. என் சந்தேகம் என்னன்னா, மொட்டத்தலை மேக்கப்பும் இதுல வேலை செய்யுது, முடி போனா நெத்தி பெருசா கண்ணு பெருசா பத்து வயசுப் பையன்கூட இன்னும் சின்னவனா தெரியுறான்.

முடி கொட்டுறது உண்மைதான், கீமோ மருந்து வேகமாப் பெருகுற செல்லத் தேடி அடிக்கும், முடி வேரும் அந்த ரகம். ஆனா ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் எடுக்கற குழந்தைங்களுக்கு ஸ்டீராய்டும் குடுப்பாங்க, அதனால முகம் பூரிச்சு வட்டமாயிடும், அகோரப் பசி எடுக்கும், சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிஞ்சு விழும். இதை எந்த சீரியலும் காட்டறதில்ல, நம்மாளுங்களுக்கு வெளிறிப்போன, பொறுமையா சிரிக்கிற புள்ளதான் வேணும். இன்னொண்ணு, குழந்தைங்களுக்கு அதிகமா வர்ற ரத்தப் புற்றுநோய் வகையில பணக்கார நாடுகள்ல இப்ப பத்துல ஒம்போது குழந்தை பிழைச்சுடுது. டிராமா உலகத்துல மட்டும் இன்னும் 1960தான் ஓடிக்கிட்டிருக்கு.

"நடிப்புன்னு தெரிஞ்சும் ஏன் அழறே"ன்னு வீட்ல கிண்டல் பண்ற ஒருத்தர் கண்டிப்பா இருப்பாரு. அவருக்கு ஒரு தகவல், இந்தக் கேள்விய 1975ல காலின் ராட்ஃபோர்டுன்னு ஒரு தத்துவப் பேராசிரியர் சீரியஸாவே கேட்டு வச்சாரு, தத்துவக்காரங்க இன்னும் சண்டை போட்டுக்கிட்டுதான் இருக்காங்க. மூளை ஆராய்ச்சி பக்கம் பாத்தா பதில் அவ்ளோ மர்மமா இல்ல. 2004ல டானியா சிங்கர் பண்ணுன சோதனையில ஜோடியா வந்தவங்கள்ல பொண்ண ஸ்கேனர்ல படுக்க வச்சு அவங்க துணையோட கையில ஷாக் குடுத்தாங்க. தனக்கு வலிச்சா என்னென்ன இடம் எழும்புமோ அதுல வலியோட வேதனைய உணர்ற பகுதிங்க எழும்புச்சு, கையில எங்க குத்துச்சுன்னு கணக்கு வைக்கிற பகுதி எழும்பல. அடுத்தவங்க வலிய நாம வலியா உணரல, வேதனையா மட்டும் உணர்றோம். இந்த ஏற்பாட்டுக்கு முகமும் குரலும் சூழ்நிலையும் போதும், அது நிஜமா பொய்யான்னு சர்டிஃபிகேட் கேக்கறதில்ல. பொய்னு தெரிஞ்சதால நாம ஒண்ணே ஒண்ணு பண்றதில்ல, எழுந்திருச்சு ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போடறதில்ல. கை காலுக்குப் போற ஆர்டர் நிக்குது, சுரப்பிக்குப் போறது நிக்கல.

இப்ப அந்த "சாப்டியாப்பா"வுக்கு வருவோம். 1979ல எஃப்ரன், ஸ்பாங்ளர்னு ரெண்டு பேர் ஒரு கருத்து சொன்னாங்க, கண்ணீர் டென்ஷன் ஏறுறப்ப வர்றதில்ல, ஏறுன டென்ஷன் திடீர்னு பிடி விடறப்ப வருதுன்னு. நரம்பமைப்பும் இதுக்கு ஒத்துப்போகுது. பதட்டத்துக்கு ஒரு நரம்பு அணி, ஓய்வுக்கு இன்னொரு அணி, கண்ணீர்ச் சுரப்பிக்கு ஆர்டர் குடுக்கறது முக்கியமா அந்த ரெண்டாவது அணிதான். ஊசி சீன், ரிப்போர்ட் சீன், ஐசியூ கதவு சீன் எல்லாம் முதல் அணிய முறுக்கேத்துது. அடுத்து ஒரு சின்ன கனிவு வந்ததும் முறுக்கு கழண்டுடுது. ஆனா இதையே முழுப் பதில்னு எடுத்துக்காதீங்க, அழறப்ப இதயத் துடிப்பு இறங்காம ஏறிக்கிட்டே இருக்கறதாவும் அளந்திருக்காங்க, அமைதி கொஞ்சம் லேட்டாதான் வருது.

டென்ஷன் மட்டும் காரணம்னா கிரிக்கெட்ல கடைசி ஓவர் முடிஞ்சதும் எல்லாரும் தேம்பி அழணும். அதனால கூட இன்னொண்ணும் வேணும், பாசம் வெளிப்படுற அந்த நொடி. யார் பாத்துக்கணுமோ அவரு உடைஞ்சு உக்காந்திருக்காரு, யாரப் பாத்துக்கணுமோ அது அவரப் பாத்துக்குது. தொல்காப்பியத்துல அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமைன்னு நாலு காரணம் சொல்லியிருக்கு, அவமானம், பறிகொடுக்கறது, இருந்த நிலையிலருந்து சரியறது, இல்லாமை. யோசிச்சுப் பாத்தா இந்த அழுகை அதுல எந்தக் கட்டத்துலயும் சரியா உக்காரல, இழவு பக்கம் சாயுது, ஆனா அங்க இன்னும் யாரும் சாகல.

அமெரிக்காவுல பால் சாக்னு ஒருத்தர் 2009ல வெளியிட்ட ஆய்வு கிட்டத்தட்ட நம்ம சீரியல் சீன்தான். மூளைப் புற்றுநோய் வந்த ரெண்டு வயசுப் பையனோட அப்பா பேசுற வீடியோ, பையனுக்கு ஒண்ணும் தெரியாது, ஜாலியா விளையாடுறான், அவன் முன்னாடி சந்தோஷமா இருக்கறது எவ்ளோ கஷ்டம்னு அப்பா சொல்றாரு. வலி, ஊசி எதுவும் இல்லன்னு கவனிங்க. இன்னொரு குரூப்புக்கு அதே அப்பாவும் பையனும் மிருகக்காட்சிசாலை போற வீடியோ. சோக வீடியோ பாத்தவங்க ரத்தத்துல ஆக்ஸிடோசின் 47 சதவீதம் ஏறியிருந்துச்சு, அதிகமா உருகுனவங்க முகம் தெரியாத ஆளுக்கு காசும் தாராளமா குடுத்தாங்க. ஆக்ஸிடோசின்னா தாய்ப்பால் சுரக்கறப்ப வேலை செய்யுற ஹார்மோன். ஆனா ரத்தத்துல அத அளக்கற முறையே சரியில்லன்னு மத்த ஆராய்ச்சியாளர்கள் குடைஞ்சாங்க, ரத்தத்துல ஏறுனா மூளைக்குள்ளயும் ஏறுச்சுன்னு அர்த்தமும் இல்ல. அதனால அந்த 47அ விட, அழ வச்சது எந்த மாதிரி வீடியோங்கறதுதான் எனக்கு முக்கியமாப் படுது.

அழுதா மனசு லேசாகும்னு சொல்றதும் பாதிதான் உண்மை. நெதர்லாந்துல விங்கர்ஹூட்ஸ் குழு ரெண்டு சோகப் படத்தப் போட்டுக் காட்டி மனநிலைய அளந்தாங்க. அழாதவங்களுக்கு பெருசா ஒண்ணும் மாறல. அழுதவங்களுக்கு படம் முடிஞ்ச கையோட மனசு இன்னும் கீழ போச்சு, 20 நிமிஷத்துல பழைய நிலைக்கு வந்துச்சு, 90 நிமிஷம் கழிச்சு பாத்தா படம் பாக்கறதுக்கு முன்னாடி இருந்தத விட நல்லா இருந்துச்சு. அதாவது சீரியல் முடிஞ்ச உடனே "எப்படி இருக்கு?"ன்னு கேட்டா கடுப்பாதான் பதில் வரும். கண்ணீர் வழியா கெட்ட கெமிக்கல் வெளிய போகுதுன்னு வாட்ஸ்அப்ல சுத்துறது 1980கள்ல வில்லியம் ஃப்ரே சொன்ன யூகம். சோகப் படம் போட்டுக் கண்ணீர் புடிச்சு வெங்காயக் கண்ணீரோட ஒப்பிட்டாரு, சோகக் கண்ணீர்ல புரதம் அதிகமா இருந்துச்சு, அது சரிதான், ஆனா வழியுற அந்தக் கொஞ்சூண்டு தண்ணியில உடம்பு சுத்தமாகுதுன்னு யாரும் நிரூபிக்கல.

கண்ணீருக்கு வேற ஒரு வேலை உறுதியா இருக்கு, அடுத்தவங்க கண்ணுல படறது. ராபர்ட் ப்ரோவைன்னு ஒருத்தர் அழற முகங்களோட ஃபோட்டோவுலருந்து கண்ணீர மட்டும் கம்ப்யூட்டர்ல அழிச்சுக் காட்டுனாரு. முகம் அதேதான், ஆனா சோகம் குறைஞ்சு போச்சு, சிலது யோசிக்குதா ஆச்சரியப்படுதான்னே புரியல. ஷூட்டிங்ல கிளிசரின் பாட்டில் இல்லாம வேலை ஓடாததுக்கு இதவிட நல்ல காரணம் கிடையாது.

கடைசியா, ஏன் எப்பவும் ஒரே ஒரு குழந்தை? பின்னாடி பொருளாதாரத்துக்கு நோபல் வாங்குன தாமஸ் ஷெல்லிங் 1968லயே எழுதுனாரு, ஆறு வயசுப் பொண்ணுக்கு ஆபரேஷனுக்குப் பணம் வேணும்னா ஜனங்க அனுப்புற காசுல தபால் ஆபீஸ் நிரம்பி வழியும், விற்பனை வரி இல்லாட்டி ஆஸ்பத்திரிங்க வசதி குறைஞ்சு சாவு கொஞ்சம் கூடும்னா யாரும் கண்ணீர் விட மாட்டாங்கன்னு. 2005ல இஸ்ரேல்ல கோகுட், ரிடோவ்னு ரெண்டு பேர் அத சோதிச்சாங்க, உயிருக்குப் போராடுற எட்டுக் குழந்தைன்னு சொல்லி ஒரு தொகை கேட்டாங்க, இன்னொரு பக்கம் பேரும் வயசும் ஃபோட்டோவும் போட்டு ஒரே குழந்தைன்னு அதே தொகை கேட்டாங்க. ஒத்தக் குழந்தைக்குதான் ஜனங்க அதிகமா குடுத்தாங்க. எட்டு முகத்துக்கு ஒரே நேரத்துல மனசு உருக மாட்டேங்குது. யூட்யூப்ல நடுவுல வர்ற வைத்தியச் செலவு விளம்பரத்த அடுத்த தடவ ஸ்கிப் பண்றதுக்கு முன்னாடி பாருங்க, ஒரு குழந்தைதான் இருக்கும், பேர் இருக்கும், வயசு இருக்கும், பக்கத்துல அம்மாவோ அப்பாவோ இருப்பாங்க, அந்தக் குழந்தை அவங்களுக்கு ஆறுதல் சொல்லும்.