சொட்டு நீரில் அடைபடும் குழாய்

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், சட்பரி வட்டாரத்தின் பல இடங்களில் கடப்பாரையை இறக்கினால் ஒரு முழத்திலேயே 'ணங்' என்று பாறை தட்டும். மேல்மண்ணைப் பனியுகத்தின் பனியாறுகள் என்றோ வழித்துக்கொண்டு போய்விட்டன. குளிர்காலத்தில் நிலம் உறையும் ஆழமோ ஒன்றரை மீட்டருக்கும் மேல். கருங்கல் மண்ணைவிட வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், பாறையில் குளிர் இன்னும் கீழே இறங்கும். வீட்டிலிருந்து செப்டிக் டேங்க் வரை போகும் கழிவுநீர்க் குழாயை அந்த ஆழத்துக்கும் கீழே புதைக்க வேண்டுமானால் வெடிதான் வைக்க வேண்டும், செலவு எகிறிவிடும். அதனால் பலரும் ஆழமில்லாமல் புதைத்துவிட்டுக் குளிரை ஏமாற்றப் பார்க்கிறார்கள்.

முதல் தொல்லை, மண் வீங்குவது. தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரிகிறது, அதனால்தான் மண் எழும்புகிறது என்று தோன்றும். அமெரிக்கப் புவியியலாளர் ஸ்டீபன் டேபர், தண்ணீருக்குப் பதிலாகப் பென்சீனை மண்ணில் ஊற்றி உறைய வைத்துப் பார்த்தார். பென்சீன் உறைந்தால் சுருங்கும். இருந்தும் மண் எழும்பியது! 1930-ல் அவர் வெளியிட்ட விளக்கம் இது: உறையும் அடுக்கு, கீழே இருக்கும் ஈரத்தைத் தன்னிடம் இழுத்து இழுத்துப் பனிக்கட்டிப் படலங்களாக வளர்கிறது. வண்டல் போன்ற நுண்மண்ணில் இந்த இழுப்பு அதிகம். தூசு இல்லாத ஜல்லியில் அநேகமாக இல்லை. பாறையில் வெட்டிய பள்ளம் தொட்டியைப் போல நீரைத் தேக்கும் என்பதால், அந்த நீர் வெளியேற வழி செய்வது முக்கியம். குழாய்க்கு அடியில் ஒரு சாண் அளவுக்குப் பருமணல் மெத்தையும் வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஒரு கல்முனை போதும், பி.வி.சி. விரிசல் விட.

மண் எழும்பினால் குழாயின் வாட்டம், அதாவது சரிவு, கெடும். மீட்டருக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வாட்டம் இருக்கும்வரை, குளித்த வெந்நீர் ஒரே ஓட்டமாக ஓடிவிடும். வெறுங்குழாயில் உறைய எதுவும் இல்லை. எங்காவது தொய்ந்தால் நீர் தேங்கி உறையும்.

அதைவிட மோசமான எதிரி, வீட்டுக்குள் ஒழுகும் ஃப்ளஷ் தொட்டி. நூல்போலக் கசியும் நீர் வழியிலேயே சூடிழந்து, படலம் படலமாக உறைந்து, குழாயை அடைத்துவிடும். குடிநீர்க் குழாய் உறையாமலிருக்கக் குளிர்நாட்டார் டேப்பைச் சற்றே திறந்து வைப்பார்கள். அந்தக் கைவைத்தியமே கழிவுக் குழாய்க்கு வினையாகிவிடுகிறது.

குழாயைச் சுற்றிக் கம்பளி கட்டுவதுபோல நுரைப்பொதி சுற்றுபவர்கள் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. பொதி வெப்பத்தை உண்டாக்காது, இருப்பதைக் காக்கும், அவ்வளவுதான். வெறுங்குழாயில் காக்க என்ன இருக்கிறது? குழாய்க்கு மேலே, குடை விரித்ததுபோல அகலமாக, 5 சென்டிமீட்டர் கெட்டி நுரைப்பலகையைக் கிடத்துவது மேல். ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் மண்ணுக்கு அது ஈடாகும். கீழேயிருந்து வரும் பூமியின் சூடு மேலே தப்பாமல் குழாயருகே தங்கும்.

குழாய் போகும் தடத்தின் மேல் விழுந்த பனியை மட்டும் அள்ளக் கூடாது. அதுவும் ஒரு போர்வைதான், காசில்லாமல் கிடைப்பது.