வேகம் 'விரைவு' ஆனால் போதுமா?

பிறர் எழுத்தை எடுத்து எழுதியதற்காக இந்த வாரம் நான் திருப்பி அனுப்பும் மூன்றாவது ஆய்வேடு இது. எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்க, மற்ற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சாஃப்ட்வேரைக் காட்டி, மூன்று பேரும் சொல்லிவைத்தாற்போல ஒரே பதில்: "சாஃப்ட்வேர்ல 8 சதவீதம்தான் சார் காட்டுது. எல்லாத்தையும் என் வார்த்தையில மாத்திட்டேன்."

இந்த மூன்றாமவர் என்ன மாற்றினார் என்று பார்ப்போம். மூலத்தில் இருந்தது இந்த மாதிரி: "மழைநீர் நிலத்தில் இறங்கும் வேகம் மண்ணின் வகையைப் பொறுத்து மாறும், களிமண்ணில் மெதுவாகவும் மணலில் விரைவாகவும் இறங்கும்." அவர் எழுதியது: "மழைத்தண்ணீர் தரைக்குள் செல்லும் விரைவு மண்ணின் தன்மைக்கேற்ப வேறுபடும், களிமண்ணில் மந்தமாகவும் மணலில் வேகமாகவும் செல்லும்." வேகம் விரைவாயிற்று, விரைவு வேகமாயிற்று. அவ்வளவுதான் நடந்திருக்கிறது! வாக்கிய அமைப்பு, சொல்லும் வரிசை, நடுவில் இருக்கும் காற்புள்ளிகூட அப்படியே.

சொந்த நடை என்பது, படித்த நூலை மூடிவைத்துவிட்டுப் புரிந்ததை எழுதுவது. அப்படி எழுதினாலும் கருத்து அந்த ஆசிரியருடையதுதானே? பெயரும் ஆண்டும் போட்டே ஆக வேண்டும். அவர் சொற்களையே எடுத்தால் மேற்கோள்குறியும் பக்க எண்ணும் சேரும். ஏபிஏ (APA) என்ற, ஆய்வுகளில் மேற்கோள் காட்டும் முறையில் மேற்கோள் 40 சொல்லோ அதற்கு மேலோ இருந்தால் குறி இல்லாமல் தனிப் பத்தியாக உள்தள்ளுவார்கள். எம்எல்ஏ (MLA) என்ற இன்னொரு முறையில் உரைநடை நான்கு வரியைத் தாண்டினால் அப்படிச் செய்வார்கள். உங்கள் துறை எதைக் கேட்கிறதோ அதைப் பின்பற்றுங்கள்.

சாஃப்ட்வேர் எண்ணுவது ஒற்றுமையை, திருட்டை அல்ல. முறையாகக் குறி போட்ட மேற்கோளையும் அது கணக்கில் சேர்க்கலாம்; வேறு மொழியிலிருந்து பெயர்த்துப் போட்டதைக் கோட்டை விடலாம். எங்களுக்கு வேறு தடயங்கள் உண்டு. ஒரு மாணவரின் அடிக்குறிப்பில் பக்கம் 312 என்று இருந்தது. நூலை எடுத்துப் பார்த்தால் மொத்தமே 280 பக்கம். அந்தத் தப்புகூட அவருடையது இல்லை, வேறொரு ஆய்வேட்டில் இருந்து வந்தது. மூலத்தைப் பார்க்கவில்லை என்றால் எதில் பார்த்தீர்களோ அதைச் சொல்லுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பட்டம் கைக்கு வந்ததும் முடிந்துவிட்டது என்றும் இருக்காதீர்கள். ஜெர்மனியில் அனெட்டே ஷாவான் 1980இல் பெற்ற முனைவர் பட்டத்தை அவர் பல்கலைக்கழகம் 2013இல் பறித்தது. அப்போது அவர் கல்வி, ஆராய்ச்சித் துறை அமைச்சர்! பதவியும் போயிற்று.

தயவுசெய்து, குறிப்பெடுக்கும்போதே மேற்கோள்குறியும் பக்க எண்ணும் போட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்து நோட்டைத் திறந்தால் எது அவர் வரி, எது உங்கள் வரி என்று உங்களுக்கே தெரியாது. என் முன்னால் தலைகுனிந்து உட்காருகிறவர்களில் பலர் வேண்டுமென்றே எடுத்தவர்கள் இல்லை, இப்படிக் குழம்பியவர்கள்தான்.