பிரேக் ஆயில்: நமத்துப் போகிற ‘எண்ணெய்’

குன்னூரில் வர்க்கி டப்பாவை மூடாமல் விட்டால் என்ன ஆகும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ராத்திரி மொறுமொறுவென்று இருந்தது காலையில் நமத்துப் போயிருக்கும். பிரேக் ஆயிலும் அப்படித்தான் நமத்துப் போகும், ஆனால் அது கண்ணுக்கும் தெரியாது, பல்லுக்கும் தெரியாது. பர்லியார் பக்கம் இறங்கும்போது காலுக்குத்தான் தெரியும்.

கோவையிலிருந்து வந்திருந்த என் சித்தப்பா பையனின் காலுக்குத் தெரிந்தது. நாலு வருஷ வண்டி, ஓடினது பதினாறாயிரம் கிலோமீட்டர். “வண்டி ஓடவே இல்லையேண்ணா, எதுக்கு ஆயில் மாத்தணும்?” என்று சர்வீசில் வேண்டாம் என்று சொல்லிவிட்டிருக்கிறான், அவர்களும் ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லவில்லை. மேட்டுப்பாளையம் இறங்கும்போது மூன்றாவது கியரிலேயே, பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே வந்தான், ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மண் மேட்டோரம் ஒதுக்கி நிறுத்தினோம். அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் கல் மாதிரி இருக்கிறது. “சரியாயிடுச்சுண்ணா, போலாம்” என்கிறான்.

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, ‘ஆயில்’ என்கிற சொல் மேல்தான் வந்தது. ஆயில் என்றால் நமக்கு என்ஜின் ஆயில்தான் ஞாபகம் வரும், என்ஜின் ஆயில் என்றால் கிலோமீட்டர் கணக்கு. அவன் போட்டது அந்தக் கணக்கு.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘ஆயில்’ லத்தீன் ‘ஓலியம்’ வழியாக வந்தது, அதன் வேர் கிரேக்கத்தில் ஆலிவைக் குறிக்கும் சொல். நம் எண்ணெய் எள்+நெய். அங்கே ஆலிவ், இங்கே எள், இரண்டும் ஒரு விதையிலோ பழத்திலோ தொடங்கி எல்லா நெய்ப்பசைக்கும் பொதுப்பெயர் ஆனவை. இன்றைய காரில் ஊற்றும் பிரேக் ஆயிலில் இரண்டுமே இல்லை. அது கிளைக்கால் ஈதர் வகை வேதிப்பொருள், தண்ணீரோடு நன்றாகக் கலக்கும், எண்ணெயோடு சேராது. ஒரு காலத்தில் மட்டும் அந்தப் பெயர் பாதி உண்மையாக இருந்தது. ஹைட்ராலிக் பிரேக் வந்த தொடக்கத்தில், அதாவது 1920களில், ஆமணக்கு எண்ணெயையும் ஆல்கஹாலையும் கலந்துதான் ஊற்றினார்கள். நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுத்த அதே விளக்கெண்ணெய்தான்!

பெயரை நம்பி யாராவது அவசரத்துக்கு என்ஜின் ஆயிலையோ வேறு கனிம எண்ணெயையோ பிரேக் டப்பாவில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். அப்புறம் பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டரில் தொடங்கி சக்கரத்தில் இருக்கும் காலிபர் வரை பிரிக்க வேண்டியதுதான்.

‘பிரேக்’ என்பதன் கதை வேறு. பழைய டச்சு மொழியில் ஆளிச்செடியின் நாரை நசுக்கிப் பிரிக்கிற கருவிக்குப் பெயர் ‘பிராக்கெ’, அது ஆங்கிலத்துக்கு வந்து, நசுக்குவது, நெம்புவது என்று பொருள் மாறி மாறி, சக்கரத்தை அழுத்திப் பிடிக்கிற கருவியில் வந்து நின்றது என்கிறார்கள் சொற்பிறப்பு ஆய்வாளர்கள். நாமும் ‘பிரேக் பிடி’ என்றுதானே சொல்கிறோம். எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு ஆளே உண்டு. 1899இல் குன்னூர் வரை வந்த மலை ரயிலில் இன்றும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார்.

தமிழில் சக்கரத்தை நிறுத்த இருந்த பழைய சொல் முட்டுக்கட்டை. தேர்ச்சக்கரத்தின் அடியில் போடுவது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் வைத்துக் கொடுத்த பிறகும் முட்டுக்கட்டை போடுபவர்களுக்கு வேலை போகவில்லை. ஆனால் காருக்கு அந்தச் சொல் ஆகாது, வேண்டுமென்றே குறுக்கே நிற்பவரைத் திட்டுவதற்கென்று அது போய்விட்டது.

எனக்குப் பிடித்த முரண் ‘ஹைட்ராலிக்’கில் இருக்கிறது. கிரேக்கத்தில் ‘ஹைடோர்’ என்றால் தண்ணீர், ‘ஆலோஸ்’ என்றால் குழல். தண்ணீர்க் குழல் என்று பெயர் வைத்த அமைப்புக்குத் தண்ணீர்தான் முதல் எதிரி.

ஏன் எதிரி? நீங்கள் பெடலை மிதிக்கும்போது குழாயில் அடைபட்ட நீர்மம் அந்த அழுத்தத்தை நாலு சக்கரத்துக்கும் கடத்துகிறது, பள்ளியில் படித்த பாஸ்கல் விதிதான். நீர்மத்தை நசுக்க முடியாது என்பதுதான் இதன் உயிர். காற்றையும் ஆவியையும் நசுக்கலாம். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கும் அதை அழுத்திப் பிடிக்கிற பேடும் நூற்றுக்கணக்கான டிகிரி சூடாகி, அந்தச் சூடு காலிபர் வழியாக உள்ளே ஏறும். நீர்மம் கொதித்துக் குமிழி விட்டால், உங்கள் காலின் பலமெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும். பஞ்சு மாதிரி இருந்தது அந்தக் குமிழிதான். அரை மணி ஆறினால் ஆவி மறுபடி நீர்மமாகிவிடும், பெடலும் நல்ல பிள்ளை ஆகிவிடும். அதனால்தான் “சரியாயிடுச்சு” என்பது மோசமான பேச்சு, உள்ளே ஏறின ஈரம் அப்படியே இருக்கிறது, அடுத்த இறக்கத்தில் அதே கதை.

டாட் 3, டாட் 4 என்று பிரேக் ஆயிலில் வகைகள் உண்டு. புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரக்கணக்கு. அதில் 3.7 விழுக்காடு தண்ணீர் ஏறிவிட்டால் 155 டிகிரி தாங்கினால் போதும் என்று அதே தரம் இறங்கி வந்துவிடுகிறது. டாட் 3க்கு இது 205, 140. ரப்பர் ஹோஸ் வழியாகவும் டப்பாவின் காற்றுத் துளை வழியாகவும் ஈரம் மெல்ல உள்ளே போய்க்கொண்டே இருக்கும், வண்டி ஷெட்டில் சும்மா நின்றாலும் போகும். இதற்குப் பாடப்புத்தகச் சொல் ‘ஈரம் உறிஞ்சும் பொருள்’. நமத்துப் போவது என்றால் போதும், அம்மாவுக்கும் புரியும்.

ஆகவே கணக்கு காலண்டரில். பெரும்பாலான கம்பெனிகள் இரண்டு வருஷம் என்கின்றன, சிலது மூன்று, வண்டிக் கையேட்டில் இருக்கும். மலையில் அடிக்கடி ஏறி இறங்குபவர்கள் இரண்டைத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து. நிறம் கறுத்தால் மாற்ற வேண்டும் என்பது சரிதான், ஆனால் நிறம் நன்றாக இருப்பதால் ஈரம் இல்லை என்று ஆகாது, பேனா மாதிரி ஒரு கருவியை முக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அளவு குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பாதீர்கள், பேட் தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் எங்கேயோ ஒழுகும், முதலில் அதைப் பாருங்கள். பழசை எடுத்துப் புதுசு விடும்போது ‘ஏர் எடுக்கிறது’ என்று மெக்கானிக்குகள் சொல்வது நல்ல சொல், அதை மாற்ற வேண்டியதில்லை. புதுசு ஊற்றிவிட்டோம் என்று மூன்றாவது கியரில் மலை இறங்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இரண்டாவது கியர் இருப்பது அதற்குத்தான்.

இனி தமிழ்ச் சொல். ஆங்கிலத்தில் இதன் சரியான பெயர் ‘பிரேக் ஃபுளூயிட்’. ‘ஃபுளூயிட்’ லத்தீனில் ‘ஓடு, பாய்’ என்ற வினையிலிருந்து வந்தது. திரவமும் வடமொழியில் ஓடுவதிலிருந்துதான். பாய்மம் என்று நாம் ஆக்கியதும் அதே வழி. ஆனால் பாய்மம் என்றால் அறிவியலில் நீர்மமும் வளிமமும் (வாயுவும்) சேர்ந்தது, கொதித்து ஆவியாகிப் பிரேக்கைக் கைவிட்ட பிறகும் அது பாய்மம்தான்! இங்கே நமக்கு வேண்டியது கடைசிவரை நீர்மமாகவே இருப்பது. ஆகவே நீர்மம். ‘தடுப்பு நீர்மம்’ என்றால் தடுப்பூசிக்குத் தங்கை மாதிரி இருக்கிறது, ‘நிறுத்தி’ என்றால் மலை இறக்கத்தில் பிரேக் செய்வது பெரும்பாலும் வேகத்தைக் குறைப்பதுதானே, நிறுத்துவது இல்லையே. கருவியைத் தடுப்பி என்று வைத்துக்கொண்டு ‘தடுப்பி நீர்மம்’ என்று எழுதலாம் என்று நினைக்கிறேன்.

கடையில் போய்த் தடுப்பி நீர்மம் கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார்கள், பிரேக் ஆயில் என்றே கேளுங்கள், டாட் நம்பரை மட்டும் சொல்லாமல் விடாதீர்கள். ‘டாட்’ புள்ளி அல்ல, அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பெயர்ச் சுருக்கம். 3, 4, 5.1 மூன்றும் கிளைக்கால் குடும்பம், நடுவில் இருக்கும் 5 சிலிகோன், அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. உங்கள் வண்டிக்கு எது என்று வண்டியில் இருக்கும் பிரேக் டப்பாவின் மூடியிலேயே அச்சடித்திருக்கும். மீதியைப் பாட்டிலில் வைத்து அடுத்த தடவைக்கு எடுத்துவைக்க வேண்டாம், மூடி திறந்த வர்க்கி டப்பாதான் அதுவும். பெயின்ட் மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள், அரித்துவிடும்.